ஒரே ஸ்டேஷனை மூன்று முறை விற்ற கம்பனி

1

எங்கள் எஸ்டேட்டுக்குப் பத்து வயதாகிறது என்ற செய்தி, பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டுப் போத்தலில் கொண்டுவந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் வந்தது.

ஊரிலிருந்து வாசிக்கிற உங்களுக்கு எஸ்டேட் என்றவுடன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இங்கே அர்த்தம் வேறு. மெல்பேர்ணின் மேற்கு விளிம்பில், ட்ருகனினாவையும் தாண்டி, புல்லும் கல்லும் காற்றுமாகக் கிடந்த ஒரு வெளியில் தெருப் போட்டு, ஒரு குளம் வெட்டி, அதற்குள் நாலு தாரா வாத்து விட்டு, துண்டு துண்டாக விற்றால் அதற்குப் பெயர் எஸ்டேட். எங்களுடையதை விற்றது ஒரு ரயில் கம்பனி. சரியாகச் சொன்னால், சரக்கு ரயில் ஓட்டும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான நிலக் கம்பனி. நாங்கள் சுருக்கமாகக் 'கம்பனி' என்போம்.

ஞாயிற்றுக்கிழமை சமூக மண்டபத்தில் விழா. கேக் வெட்டுவார்கள், பிள்ளைகளுக்கு முகத்தில் வர்ணம் பூசுவார்கள், சொசேஜ் சுடுவார்கள். எல்லாம் சரி. கடைசி வரியை வாசித்தபோதுதான் போத்தலை மூடி வைத்தேன். 'கம்பனியின் வரலாறு பற்றி நம் குடியிருப்பாளர் செந்தில் உரையாற்றுவார்.'

அந்தக் கம்பனியின் வரலாற்றை இந்த எஸ்டேட்டில் ஒருவன் வருடக்கணக்காகத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறான். அவன் பெயர் செந்தில் இல்லை. யோகநாதன். பஸ் ஓட்டுகிறான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். சாந்தி ஆஸ்பத்திரியில் தாதி. சீருடையைக்கூட மாற்றாமல் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லது தானே அப்பா. செந்தில் வடிவாக் கதைப்பான்."

"நான் கதைக்க மாட்டனோ?"

"நீங்கள் கோயில் கூட்டத்தில நன்றியுரை சொல்லப் போய் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது எனக்கு ஞாபகம் இருக்கு."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் இன்னும் கூடுதலாகச் சுட்டது.

2

நாங்கள் இந்தக் காணியை வாங்கிய கதையைச் சொல்லவேண்டும். அப்போது நகரத்தின் மறுபக்கத்தில், டண்டினொங்கில் வாடகைக்கு இருந்தோம். நான் அங்கே ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கம்பனியின் விற்பனை அலுவலகம் இந்த வெளியின் நடுவில் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டி மாதிரி நின்றது. உள்ளே மேசையளவுக்கு ஒரு மாதிரி நகரம். பஞ்சு மரங்கள், தீப்பெட்டி வீடுகள், நடுவே ஒரு தண்டவாளம், அதில் ஒரு குட்டி ஸ்டேஷன். பக்கத்தில் 'புரப்போஸ்ட்' என்று எழுதியிருந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பாவனைதான். பெட்டைக்கு ஒரு புரப்போசல் வந்திருக்கு என்றால் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி. சாதகம் பார்த்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டுக்காரர் மண்டபம் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். நானும் சாந்தியும் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம். ஸ்டேஷன் பேசி முடித்தாயிற்று, இனி நாள் வைப்பதுதான் மிச்சம்.

"ஸ்டேஷனுக்குக் கிட்ட உள்ள காணி எடுப்பம்" என்றேன். சாந்தி அந்தக் குட்டி ஸ்டேஷனைத் தொட்டுப் பார்த்தாள். விற்பனைக்காரப் பையன் சிரித்தான், தொடவேண்டாம் என்று சொல்லவில்லை.

வீடு கட்டி வந்து சேர்ந்தோம். சரக்கு ரயில்கள் கொள்கலன்களைச் சுமந்துகொண்டு எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஓடின. ஒன்றும் நிற்கவில்லை. ஸ்டேஷனுக்கென்று விட்டிருந்த நிலத்தில் புல் வளர்ந்தது. நகரத்துக்கு ரயில் பிடிக்க வேண்டுமானால் அடுத்த ஊருக்குப் போகவேண்டும். அதற்கு ஒரு பஸ் விட்டார்கள். பஸ் ஓட்ட ஆட்கள் தேவை என்றார்கள். பிஸ்கட்டை விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போனேன். ரயில் வராததால் எனக்கு வேலை கிடைத்தது என்று சாந்தி பகிடியாகச் சொல்வாள். அது பகிடி இல்லை.

3

என் பஸ்ஸின் முதல் இருக்கை கார்மெனுடையது. கார்மென் மால்ட்டா நாட்டுக் கிழவி. சிறுமியாகத் தாய் தகப்பனோடு கப்பலில் வந்தவள். என் பெயரைச் சொல்ல முடியாமல் முதல் நாளே 'ஜோ' ஆக்கிவிட்டாள். கடைக்குப் போவதற்கென்று ஏறுவாள். அநேகமாகக் கதைக்கத்தான் ஏறினாள் என்று நினைக்கிறேன். இந்த வட்டச் சந்தி இருக்கிற இடத்தில்தான் தன் தகப்பனின் கோலிஃபிளவர் நின்றது என்று ஒருநாள் சொன்னாள். எங்கள் குளத்துக்குள் அவளுடைய பழைய கிணறு இருக்கிறதாம்.

அவள் சொன்னதில் இருந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஓய்வு நாட்களில் நூலகத்துக்குப் போய் உள்ளூர் வரலாற்று அறையில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். கதை இப்படிப் போகிறது.

விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கே ஒரு கருங்கல் குவாரி இருந்தது. கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சில பணக்காரர்கள் சேர்ந்து ஒரு ரயில் பாதை போட்டார்கள். பாதையின் இரண்டு பக்கத்து நிலத்தையும் மலிவாக வாங்கிப் போட்டார்கள். கல் வியாபாரம் சோர்ந்தது. அப்போதுதான் அவர்களில் ஒருவருக்கு மூளை வேலை செய்தது. ரயில் கம்பனியின் மடியிலேயே ஒரு நிலக் கம்பனியைப் பெற்றுப்போட்டார்கள். நகரத்திலிருந்து இலவச ரயில் விட்டு, வெளியில் கூடாரம் அடித்து, சாப்பாடும் ஷம்பேனும் கொடுத்துக் காணிகளை ஏலம் விட்டார்கள். விளம்பரப் படத்தில் மணிக்கூட்டுக் கோபுரத்தோடு ஒரு ஸ்டேஷன், முன்னால் குடை பிடித்த சீமாட்டிகள். மெல்பேர்ணுக்கு நிலவெறி பிடித்திருந்த காலம் அது. பிறகு வங்கிகள் சரிந்தன. தவணை கட்ட முடியாதவர்களின் காணிகள் கம்பனியிடமே திரும்பி வந்தன. கோபுரத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை. செம்மறி மேய்ந்தது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஐரோப்பாவிலிருந்து சனம் வந்து இறங்கியபோது கம்பனி மறுபடி கண் விழித்தது. தோட்டக் காணி, ஸ்டேஷன் விரைவில் என்று விளம்பரம். கார்மெனின் தகப்பனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. படத்தில் இருந்த ஸ்டேஷனை விரலால் காட்டி வாங்கினாராம். கோலிஃபிளவரை ரயிலில் சந்தைக்கு அனுப்பலாம் என்பது அவருடைய கணக்கு. சாகும்வரை லொறியில்தான் கொண்டுபோனார். பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் விருப்பம் இல்லை. கம்பனி ஒவ்வொரு தோட்டமாகத் திரும்ப வாங்கி, நகரம் வளர்ந்து தன்னிடம் வரட்டும் என்று பேசாமல் இருந்தது. ரயில் கைமாறியது, முதலாளிகள் மாறினார்கள், நிலக் கம்பனி மட்டும் ஒவ்வொரு ரயில் முதலாளியோடும் சீதனம் மாதிரிக் கூடவே போனது. மூன்றாவதாக நாங்கள் வந்தோம்.

மூன்று முறையும் படத்தில் ஸ்டேஷனை ஒரே இடத்தில்தான் கீறியிருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்தது நான். கார்மெனுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். முதலாவது படத்தை நூலகத்தில் கண்ட அன்று, பஸ்ஸில் அவளிடம் சொல்ல வாய் துடித்தது. சொன்னேன். அவள் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தாள். "ஜோ, அப்படியென்றால் என் அப்பா மட்டும் ஏமாளி இல்லை!"

4

ஸ்டேஷன் விடயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். நான் சொன்னதை முழுதாகக் கேட்க அவளுக்கு நேரம் இருக்கவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

யுத்தத்தில் எங்கள் ஊர் வலிகாமத்தை விட்டு ஓடிய எங்களுக்குப் பக்கத்துத் தென்மராட்சியில் ஒரு சின்ன ஸ்டேஷனில்தான் இடம் கிடைத்தது. ரயில் நின்று எத்தனையோ காலம். தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. நான் படுத்தது டிக்கெட் கொடுக்கிற அறையில். யன்னலுக்கு மேல் கொழும்பு வரைக்கும் உள்ள ஸ்டேஷன்களின் பெயர்கள் அழியாமல் இருந்தன. பிறகு என் கூடப்பிறந்த பவானி அக்கா பக்கத்தில் ரயில்வே காணியிலேயே ஒரு கொட்டில் போட்டு, அதைக் கல்வீடாக்கி இருந்துவிட்டாள். யுத்தம் முடிந்து ரயில் திரும்பி வரப்போகிறது என்றார்கள். ஒருநாள் வந்து அவளுடைய சுவரில் சிவப்பு மையால் அடையாளம் போட்டார்கள். வீடு போனது.

நான் இங்கிருந்து தொலைபேசியில் கத்தினேன். "அக்கா, விடாதேங்கோ, எழுதிப் போடுங்கோ!"

"உனக்கென்ன விசரே? அது ரயில்ட காணி. ரயில் வந்தால் எழும்பத்தானே வேணும்" என்றாள் அக்கா.

அவளுக்குக் கொஞ்சம் தள்ளி வேறு காணி கொடுத்தார்கள். இப்போது நான் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் திடீரென்று கதையை நிறுத்துவாள். "பொறு பொறு, ரயில் வருது. கேக்குதே?" தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டுவாள். கடகடவென்ற அந்தச் சத்தத்தை நான் ஆயிரமாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து கேட்பேன். அக்காவிடமே எனக்கு எரிச்சல் வரும். வீட்டை இடித்தார்கள், ஆனால் ரயிலைக் கொடுத்தார்கள். எனக்கு வீட்டைக் கொடுத்தார்கள்.

5

இனிச் செந்திலைப் பற்றி. பக்கத்து வீட்டுச் சீக்கியர் விற்றுவிட்டுச் சிட்னிக்கு மெரிலேண்ட்ஸ் பக்கம் போனபோது, அந்த வீட்டை வாங்கி வந்தவன். திருச்சி பொன்மலைக்காரன். தகப்பன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். இவன் ரயில் சிக்னல் எஞ்சினியர். வந்த முதல் நாளே கதவைத் தட்டி, "அண்ணே, பக்கத்து வீடு. எதுனா வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்றான். புதிதாக வந்தவனுக்கு நாங்கள் சொல்லவேண்டியதை அவன் எங்களுக்குச் சொன்னான்.

அவனை வெறுக்க ஒரு காரணமும் கிடைக்காததுதான் பெரிய தொல்லை. எங்கள் குப்பைத் தொட்டியையும் சேர்த்து உள்ளே இழுத்து வைப்பான். எங்கள் கார் பற்றரி இறங்கினால் ஓடி வருவான். அவனுடைய மனைவி ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தான்.

என் மகள் அபி பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படிக்கிறாள். என்னோடு அவள் கதைப்பது "ஓகே அப்பா", "லேட்டர் அப்பா", "ஐ நோ அப்பா" என்ற மூன்றுக்குள் முடிந்துவிடும். செந்திலோடு வேலியில் சாய்ந்து நின்று மணிக்கணக்கில் கதைப்பாள், அதுவும் தமிழில். ஒருநாள் சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

"ஆமா" என்றாள்.

நான் கரண்டியை வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் 'ஓம்' என்பதைத் தவிர வேறு சொல் புழங்கியதில்லை. இத்தனை வருடம் தமிழில் கதை கதை என்று கெஞ்சிய தகப்பனுக்கு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரனின் தமிழ் கிடைத்தது.

கார்மெனும் அவன் பக்கம் போனாள். அவளுக்கு முழங்கால் வலி கூடியபோது செந்தில்தான் சனிக்கிழமைகளில் காரில் ஏற்றிக் கடைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினான். முதல் இருக்கை வெறுமையானது. ஒருநாள் தெருவில் கண்டு கையாட்டினாள். "ஹலோ ஜோ! செந்தில் வந்துகொண்டிருக்கிறான்" என்றாள். 'செந்தில்' என்று அவ்வளவு திருத்தமாக. அந்த 'ந்' கூடப் பிசகவில்லை. இத்தனை வருடத்தில் என்னை யோகன் என்று கூப்பிட அவள் ஒருமுறை முயன்றிருப்பாளா?

ஸ்டேஷனை மூன்று முறை விற்ற கதையை, அபியின் பிறந்தநாளன்று செந்திலுக்குச் சொன்னவன் நான்தான். ரயில்காரன் மகன், ரசிப்பான் என்று சொன்னேன். கண்ணை விரித்துக் கேட்டான். "அண்ணே, இதைப் பெரிசா எங்கயாச்சும் சொல்லணும்ணே" என்றான். அவனே சொல்லப் போகிறான் என்று நான் நினைக்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போகாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். போகாவிட்டால் அவன் எப்படிப் பேசினான் என்று சாந்தி வந்து சொல்வதைக் கேட்கவேண்டி வரும். போய்ப் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். முன்வரிசையில் கார்மென், அவளுக்குப் பக்கத்தில் அபி. படங்களைத் திரையில் ஓட்டும் பொறுப்பு அபிக்கு.

முதலில் இந்த நிலத்தின் ஆதிக்குடிகளுக்கு வணக்கம் சொன்னார்கள். பிறகு கம்பனியின் முகாமையாளர் அம்மா இரண்டு வார்த்தை பேசினார். பிறகு செந்தில் எழுந்தான். அவனுக்கு நாக்குப் பிசகவேண்டும், கணினி நின்றுபோகவேண்டும், யாராவது குழந்தை வீரிட்டு அழவேண்டும் என்று நான் முழு மனதோடு வேண்டிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. குவாரியைச் சொன்னான், ஷம்பேனைச் சொன்னான். சனம் சிரித்தது. கோலிஃபிளவரைச் சொன்னபோது கார்மெனை எழுந்து நிற்கச் செய்தான். சனம் கைதட்டியது. நான் தேடி எடுத்த படம் திரையில் வந்தது. நூலகத்தில் தூசியாக இருந்தது, இங்கே பளபளத்தது.

கடைசியில் மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினான். "இதைக் கண்டுபிடித்தவர் நான் இல்லை. நம் பஸ்ஸை ஓட்டுகிற யோகநாதன். அதோ கடைசி வரிசையில் இருக்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பாதிக் கைதட்டல் எனக்கு. மீதிப் பாதி, இன்னொருவனின் பெயரைச் சொல்ல மறக்காத பெரிய மனசுக்காரனுக்கு. அதையும் அவனே கொண்டுபோய்விட்டான்.

பிறகு அவன் முகாமையாளர் அம்மாவைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டான். "மூன்றாவது ஸ்டேஷன் எப்போது வரும்?"

அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர் போல. முகம் சிவந்தது. ஸ்டேஷன் கட்டுவது அரசாங்கத்தின் வேலை, நாங்கள் நிலத்தை மட்டும்தான் விட்டு வைத்திருந்தோம் என்றார். இத்தனை வருடம் அரசாங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. எனவே அந்த நிலத்தில் களஞ்சியசாலைகள் கட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்றார்.

கேக் வெட்டாமலே விழா முடிந்தது.

7

நகரசபை ஒரு விசாரணைக் குழுவை வைத்தது. சனம் எதிர்ப்பை எழுதி அனுப்பலாம், விரும்பினால் நேரில் பேசலாம். நான் எழுதி அனுப்பியதற்கு, நீங்கள் எழுதியது முறைப்பாட்டுப் பகுதிக்குரியது, அங்கே அனுப்பியிருக்கிறோம் என்று பதில் வந்தது. முறைப்பாட்டுப் பகுதி, இது திட்டமிடல் பகுதிக்குரியது என்றது. எதிர்ப்பு என்றால் ஒரு சொல், முறைப்பாடு என்றால் இன்னொரு சொல், கருத்து என்றால் மூன்றாவது சொல். எனக்கு எல்லாம் ஒரே கோபம்தான்.

ஒரு பின்னேரம் செந்திலும் அபியும் வேலியடியில் வந்து நின்றார்கள்.

"அண்ணே, நீங்கதான் பேசணும்" என்றான் செந்தில்.

"நீங்கள் வடிவாக் கதைப்பீங்கள் தானே. பிறகென்ன?"

"நான் பேசினா நிக்காதுண்ணே. எனக்கு அவங்க ஸ்டேஷன் காட்டி விக்கவே இல்ல. நான் வாங்கினது முன்னாடி இருந்த சிங் சார்கிட்ட. கம்பனிகிட்ட நேரா வாங்கி இன்னும் இங்க இருக்கறவங்க நாலஞ்சு குடும்பம்தான். அதுல அந்தப் பஸ்ஸ ஓட்டறது நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

உண்மையில் என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? நான் போய்ப் பேசி ஸ்டேஷன் நிலம் தப்பினால் ஊர் செந்திலைத்தான் கொண்டாடும். ஸ்டேஷன் வந்தால் அது செந்தில் ஸ்டேஷன். அதைவிடக் களஞ்சியசாலை வந்தாலும் பரவாயில்லை. பத்து வருடம் காத்திருந்த மனிதன் இப்படி நினைத்தான்.

அபி பின்னாலேயே வந்தாள். "அப்பா, யூ ஆர் ஜெலஸ்."

"என்ன?"

"பொறாமை. செந்தில் அங்கிள்ல. எனக்குத் தெரியும்."

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே இருந்தாள். வருடங்களுக்குப் பிறகு.

"நீங்கள் அந்தக் கதையை எனக்கு ஏன் அப்பா சொல்லேல்ல? அங்கிள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"சொல்ல வந்தனான். நீ லேட்டர் எண்டு சொன்னனி."

அவள் தலையைக் குனிந்தாள். "சரி. இப்ப சொல்லுங்கோ. ஆனா அங்க வந்தும் சொல்லோணும்."

அவள் 'இப்ப' என்று சொன்னதற்காகத்தான் போக ஒப்புக்கொண்டேன். ஸ்டேஷனுக்காக என்று பொய் சொல்ல மாட்டேன்.

விசாரணை நாளன்று எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். காணி வாங்கிய அன்று அந்தக் கண்ணாடி அறையில் பார்த்ததைச் சொன்னேன். கம்பனியின் வழக்கறிஞர் நல்ல பண்பான மனிதர். மெதுவாகக் கேட்டார். பஸ் சேவை போதுமானதாக இருக்கிறது என்று எங்கள் அறிக்கை சொல்கிறது, அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர் நீங்கள், அது போதாது என்று சொல்கிறீர்களா?

எனக்கு அப்படி ஒரு கேள்வி வரும் என்று செந்திலும் சொல்லித்தரவில்லை. இந்தப் பஸ்ஸை நான் ஒருநாளும் பிந்தி எடுத்ததில்லை. மழையில் ஓடி வருகிற பிள்ளைக்காக நின்றிருக்கிறேன். இந்த நாட்டில் நான் ஒழுங்காகச் செய்த ஒரு காரியம் உண்டென்றால் அது இந்தப் பஸ். அதைப் போதாது என்று என் வாயாலேயே சொல்லவேண்டும்.

"போதாது" என்றேன். "காலையில் லொறிகளுக்குப் பின்னால் நிற்கிறோம். என் பஸ்ஸில் இருக்கிறவர்கள் தாங்கள் பிடிக்கவேண்டிய ரயில் போவதைக் கண்ணாடியால் பார்க்கிறார்கள். ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்கிறேன். என் மனைவியும் அதில் இருக்கிறாள்." அதற்கு மேல் ஆங்கிலம் வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். எனக்குப் பிறகு வேறு பலர் பேசினார்கள். நகரசபையின் சொந்த எஞ்சினியரே, நிலம் ஒருமுறை போனால் பிறகு கிடைக்காது என்றார்.

8

திரும்பி வரும்போது செந்திலின் காரில் வந்தேன். அபி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். ரயில் கடவையில் மணி அடித்துக் கட்டை இறங்கியது. கம்பனியின் சரக்கு ரயில். முடிவே இல்லாத மாதிரிக் கொள்கலன்கள் போய்க்கொண்டிருந்தன. செந்தில் எஞ்சினை நிறுத்தினான்.

"நல்லாப் பேசினீங்கண்ணே."

"நீங்கள் கதைச்சிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது. அன்னிக்கு மண்டபத்துல பேசறப்போ, எனக்கு உங்க மேல பொறாமையா இருந்துச்சு."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். "என்னில?"

"நாங்க பொன்மலையில ரயில்வே குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அப்பா ரிட்டயரானதும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மா வச்ச முருங்கை மரத்த விட்டுட்டு வந்தோம். அப்பறம் எங்க போனாலும் யாரோ இருந்த வீடுதான். இங்கயும் அப்பிடித்தான். செவுத்துல சிங் பசங்களோட உயரத்தக் கோடு போட்டு வச்சிருக்காங்க, பெயிண்ட் அடிச்சாலும் தெரியுது. நீங்க வெறும் தரையில குச்சி நட்டு வந்தீங்க. ரயில்காரன் உங்கள நேராக் கூப்பிட்டு வித்தான். ஏமாத்தினானோ இல்லியோ, உங்களுக்குத்தானே வித்தான். அந்தக் கதையில நீங்க இருக்கீங்கண்ணே. நான் வெளிய நின்னு சொல்றேன்."

கடைசிக் கொள்கலன் போனது. கட்டை எழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அப்படியெல்லாம் இல்லை தம்பி, நீங்களும் எங்களில் ஒருவர்தான் என்று ஒரு வார்த்தை. நான் சொல்லவில்லை. அவன் எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

9

போன கிழமை முடிவு வந்தது. அந்த நிலத்தைக் களஞ்சியசாலைக்கு விடமுடியாது, ஸ்டேஷனுக்கென்றே இருக்கவேண்டும் என்று குழு சிபாரிசு செய்தது. கம்பனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதற்காக ஸ்டேஷன் வரப்போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். புல் அப்படியேதான் நிற்கிறது. அரசாங்கம் பார்ப்போம் என்கிறது. நான் பஸ் ஓட்டுகிறேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. புல்வெளியில் செந்தில் நடுவில் நிற்கிறான், கார்மென் அவன் கையைப் பிடித்திருக்கிறாள், அபி பக்கத்தில் சிரிக்கிறாள். நான் வேலையில் இருந்தேன். படத்துக்குக் கீழே போட்ட செய்தியில் என்னை ஒரு 'உள்ளூர்ச் சாரதி' என்று போட்டிருக்கிறார்கள். செந்திலின் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு போட்டிருக்கிறார்கள்.

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் கதைத்தார்கள். கெட்டிக்காரன், நல்ல மனிசன், அவன் இல்லாவிட்டால் நிலம் போயிருக்கும் என்றார்கள். என் முதுகுக்குப் பின்னால் நின்று, எனக்குக் கேட்கும்படி. வழக்கம்போல வயிறு எரிந்தது. ஆனால் எரிகிறபோதே உள்ளுக்குள் வேறொன்றும் இனித்தது. இவர்கள் இவ்வளவு புகழ்கிற ஆள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். அது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தபோது சாந்தி பத்திரிகையை மேசையில் விரித்து வைத்திருந்தாள். எனக்குக் கவலையாக இருக்கும் என்று நினைத்து, பார்க்காத மாதிரிக் கறியைப் போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப்பா, தனியச் சிரிக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை" என்றேன்.

பலமுறை கேட்டுவிட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அவள் செந்திலிடம் போய், "பாவம் தம்பி, அப்படி நினைக்காதேங்கோ, இதுவும் உங்கட வீடு மாதிரித்தான்" என்று ஆறுதல் சொல்லிவிடுவாள். அவனும் ஆறிவிடுவான். அவன் ஆறவேண்டாம், இன்னும் கொஞ்சக் காலத்துக்காவது.

உங்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள்.